யார் போட்ட தீனி?

"உங்க வீட்டுல யாரோ வேணும்னே செய்றாங்க சார்" என்றார் மீன்தொட்டியைப் பராமரிக்க வரும் தொட்டிக்காரர்.

சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். சோதனை மருந்து விட்டால் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் பாசிப் பச்சையாக மாறியிருந்தது. அம்மோனியா ஏறியதற்கு அடையாளம். கூடத்து மூலையில் புதிதாக வைத்த கண்ணாடித் தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒன்றின் செவுள் ரத்தச் சிவப்பு. இன்னொன்றின் வால் நுனி வெள்ளையாக அரித்திருந்தது. ஒன்று ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.

"புதுத் தொட்டி சார். அழுக்கைத் தின்கிற நல்ல கிருமி இன்னும் உருவாகல. அதுவரைக்கும் தீனி ஒரு சிட்டிகைதான். மிச்சம் விழுந்தா அழுகி விஷமாயிடும். இங்க யாரோ அள்ளிக் கொட்டுறாங்க."

"நான் போடறது ஒரு சிட்டிகைதான்" என்றார் வீட்டுக்காரர்.

அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பு மதிப்பீட்டாளர். எரிந்துபோன கடையைப் பார்த்ததும் 'தீ தானாப் பிடிச்சதா, வச்சதா?' என்று கேட்கிற உத்தியோகம். சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளமே.

தொட்டிக்காரர் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, மேஜைமேல் மதிப்பீட்டாளரின் அக்கா வைத்துவிட்டுப் போன டீயை எடுத்து உறிஞ்சினார்.

"நீங்க கூப்பிட்ட குரலுக்கு வர்றதாலதான் இதுங்களுக்கு உயிர் ஒட்டிக்கிட்டிருக்கு" என்றாள் மதிப்பீட்டாளரின் மனைவி.

"இப்படி இஞ்சி தட்டிப் போட்ட டீ கிடைச்சா யார்தான் வர மாட்டாங்க?"

மனைவி சிரித்தாள். தொட்டிக்காரரும் சிரித்தார். காதோரம் நரைத்திருந்தாலும் ஆள் எடுப்பாகத்தான் இருந்தார். அந்தச் சிரிப்பு மதிப்பீட்டாளருக்குத் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

தொட்டிக்காரர் படி இறங்கியதும் விசாரணை தொடங்கியது.

"நீ தீனி போட்டியா?"

"உங்களுக்குத் தீனி போடவே எனக்கு நேரம் பத்தல. இதுங்களுக்கு வேறயா?" என்றாள் மனைவி.

"அக்கா, நீ?"

கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட அக்கா, சமையலறையிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "வாயில்லாத ஜீவனைக் கண்ணாடிக்குள்ள அடைக்காதேடான்னு முதல் நாளே சொன்னவ நான். என்னை எதுக்கு இதுல இழுக்கறே?"

அதுவும் சரிதான். அவள் அந்த மூலைப் பக்கமே பார்க்க மாட்டாள்.

மதிப்பீட்டாளர் தீனி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாலே நாள்தான். மீன்கள் மறுபடி மேலே வந்தன. மனைவி மறுபடி போன் செய்தாள். தொட்டிக்காரர் மறுபடி வந்தார். குழாயும் மறுபடி பச்சை காட்டியது.

மதிப்பீட்டாளர் கரண்டியால் கூழாங்கல்லை ஒதுக்கிப் பார்த்தார். அடியில் ஊறிய பிஸ்கட் துணுக்குகள். பூட்டிய டப்பாவிலிருந்து பிஸ்கட் வராது.

தீ விபத்தில் அவர் கேட்கும் முதல் கேள்வி, எரிந்ததால் யாருக்கு ஆதாயம் என்பது. இங்கே தொட்டி கெட்டால் என்ன நடக்கிறது? தொட்டிக்காரர் வருகிறார். கூப்பிடுவது யார்? மனைவி. கூட நின்று சிரிப்பது யார்?

அதற்கு மேல் யோசிக்க அவருக்குப் பயமாக இருந்தது.

பிறகு தொட்டிக்காரர் சில வாரம் விடாமல் வந்து பார்த்ததில் தண்ணீர் தேறியது. குழாயில் மஞ்சள். தொட்டிக்காரருக்கே முகம் மலர்ந்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை பார்க்கிறேன் சார். அன்னிக்கும் மஞ்சள்னா தொட்டி நிலைச்சிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் நான் வர வேண்டிய வேலையே இல்லை."

மனைவியின் முகத்தையே மதிப்பீட்டாளர் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்த சத்தத்தில் அவர் கவனம் கலைந்துவிட்டது.

குற்றவாளி கைவரிசை காட்டுவதென்றால் வியாழக்கிழமைதான். அன்று அவர் ஆபீசுக்குப் போகிற மாதிரி போய்விட்டு, மதியம் பின்வாசல் வழியாகப் பூனைபோல் உள்ளே வந்தார். கூடத்துக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே காகிதம் கிழிகிற சத்தம். பிஸ்கட் பொட்டலம்! பின் தண்ணீரில் ஏதோ பொலபொலவென்று விழுந்தது.

அவர் கேட்க வேண்டியதையெல்லாம் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். 'எத்தனை நாளா நடக்குது இது?' என்று ஆரம்பித்து, 'இனி இந்த வீட்டில் ஒன்று நான், இல்லை நீ' என்று முடிப்பதாகத் திட்டம். கதவில் கை வைத்தார்.

"என்னங்க இது, சொந்த வீட்டுக்குள்ள திருடன் மாதிரி?"

மனைவியின் குரல். ஆனால் அது வந்தது அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து. மொட்டை மாடியிலிருந்து இறங்கியவள், கை நிறைய உலர்ந்த துணிகளோடு நின்றிருந்தாள்.

மதிப்பீட்டாளர் மெதுவாகக் கதவைத் தள்ளினார்.

தொட்டி முன்னால் அக்கா. ஒரு கை பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு கையால், தொட்டிக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அதே கண்ணாடியில் தம்பியின் முகமும் தெரிந்ததும் இரண்டு கைகளும் அப்படியே நின்றன.

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், மீன்வலையை எடுத்துப் பிஸ்கட்டை அள்ளியபடி அவர் சொன்னார்: "மீனைக் கொல்லாதே அக்கா. அது நல்லா இருந்தாலும் அவரை வரச் சொல்லலாம்."