மீன் சந்துக்குள் ஒரு பச்சைக் கதவு

கடலைப் பார்த்த அறையையும் சரீனா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஹோட்டலில் லிஃப்டுக்குக்கூட அட்டை வேண்டுமாம். அட்டை இல்லாதவர்கள் கீழேயே நிற்க வேண்டியதுதானாம்.

கொர்ராதோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அட்டையைக் கையில் கொடுக்கப் போகிறார்கள், பையில் போட்டுக்கொள்ளப் போகிறோம், இதில் என்ன நொட்டை? காப்பிக் கெட்டிலின் மேல் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் அடுத்த படத்தைத் தள்ளினான்.

அவர்கள் ஊரான நோத்தோவிலிருந்து பலேர்மோ ஒன்றும் பரதேசம் இல்லை. அதே தீவு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. ஆனால் ஒன்றரை வருடமாக அவன் மனைவி ஒரு ராத்திரிகூட இந்த வீட்டை விட்டு வெளியே தங்கியதில்லை. அக்கா பெண் கல்யாணத்தில் விருந்து தொடங்கும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நவம்பர் பிறந்ததும் இறந்தோர் திருநாள், சேர்ந்தாற்போல் விடுமுறை. போன வருடம் அந்த ராத்திரி அவள் இருந்த இருப்பை இன்னொரு முறை அவனால் பார்க்க முடியாது. தலையால் தண்ணீர் குடித்தாவது அவளைக் கிளப்பிவிட வேண்டும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் ஊறவைத்த பாதாமைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது பழைய மாளிகை. கூரையெல்லாம் ஓவியம். நாலாவது மாடி. அவ்வளவு படி யார் ஏறுவது என்றாள். தினம் காய்கறிப் பையோடு மேட்டுத்தெருவை ஒரே மூச்சில் ஏறுகிறவள்.

அதற்கடுத்தது புத்தம் புதுசு, கண்ணாடி மாதிரி சுத்தம். வாசலில் சாவி கிடையாது, நாலு எண்ணைத் தட்டினால் திறக்கும். அதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பிறகு அவளே கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை இழுத்தாள். விரலால் தள்ளித் தள்ளி, ஒரு படத்தில் நிறுத்தினாள்.

சந்தைக்குள் ஒரு சந்து. மீன் கடையை ஒட்டினாற்போல் தரைத்தளத்தில் ஒற்றை அறை. பச்சைக் கதவு நேராகத் தெருவில் திறக்கிறது. ஒரு சின்னக் கொண்டி, அவ்வளவுதான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நாம தங்க ரூம் பாக்குறியா, இல்ல திருடன் வந்துபோக வசதி பாக்குறியா?"

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"நம்பர் தட்டிக் கதவு திறக்க மிம்மோவுக்குத் தெரியாதே. பத்துக்கு மேல எண்ணவே வராது அவனுக்கு. படி ஏறினா வேற மூச்சு இரைக்கும்."



இறந்தோர் திருநாள் ராத்திரி இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்பது அந்தத் தீவின் நம்பிக்கை. பிள்ளைகளுக்குப் பொம்மையும் பாதாம் மிட்டாயும் ஒளித்து வைத்துவிட்டுப் போவார்கள். சேட்டை செய்த பிள்ளை என்றால் சீஸ் துருவியை எடுத்து உள்ளங்காலைத் துருவிவிடுவார்கள். அதனால் பிள்ளை உள்ள வீட்டில் முதல் நாளே துருவியை ஒளித்துவிட வேண்டும். அவர்கள் பிள்ளை மிம்மோ அதற்கு அப்படி நடுங்குவான். ஒரு வருடம் அப்பாவின் பூட்சுக்குள் திணித்து வைத்துவிட்டு, காலையில் அவனே மறந்துபோனான். வீடெல்லாம் புரட்டிப் போட்டுத் தேடினார்கள்.

இப்போது மிம்மோ வருகிறவர்கள் பக்கம்.

மீதியை அவளே சொன்னாள், பாதாமை உரித்துக்கொண்டே. இங்கே பூட்டிவிட்டுப் போனால் பிள்ளை வந்து வாசலில் நிற்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குப் போகும்போது விவரமாகச் சொல்லிவிட வேண்டும். மீன் கடை, பச்சைக் கதவு என்றால் கண்டுபிடித்துவிடுவான், கெட்டிக்காரன். அப்படியென்றால் பலேர்மோ வருகிறேன் என்றாள்.

அவளுக்கு எடுத்துச் சொல்ல அவன் நாக்கு நுனிவரை எத்தனையோ வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, அந்த அறைக்குச் சொந்தக்காரியைக் கூப்பிட்டான்.

துத்சா என்று பெயர். வெண்கலத் தொண்டை. விடியும் முன்பே மீன்காரர்கள் கத்த ஆரம்பித்துவிடுவார்கள், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது என்றாள். பரவாயில்லை என்றான். ஜோடியாக வருகிறவர்கள் எல்லாம் கடலோரம் போவார்கள், உங்களுக்கு ஏன் இந்தச் சந்து என்று கேட்டாள். அதற்கும் ஏதோ சொல்லிச் சமாளித்தான்.

பேச்சு முடிந்தது. துத்சா போனை வைக்கப் போனாள்.

கொர்ராதோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அடுப்படியில சீஸ் துருவி இருந்தா, நாங்க வர்றதுக்குள்ள ஒளிச்சு வச்சிருங்க."

அந்தப் பக்கம் கொல்லென்று ஒரு சிரிப்பு. "அடடே, பிள்ளையோட வர்றீங்களா? முதல்லயே சொல்லக் கூடாதா? சின்னக் கட்டில் ஒண்ணு சும்மா கிடக்கு. போட்டு வைக்கட்டுமா?"

சமையலறை முழுக்க அந்தக் குரல் கேட்டது. சரீனாவின் விரலில் பாதாம் அப்படியே நின்றுவிட்டது.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"போட்டு வைங்க," என்றான். "கதவுப் பக்கமா."