அந்த மூன்று வாரம்

நோயாளிகள் எல்லோரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கவாதம் வந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். பேராசிரியர் கதவைப் படாரென்று திறந்துகொண்டு நுழைந்தார். மேடை ஏறியவரைப் போலத் தொண்டையைக் கனைத்துவிட்டு, ஒவ்வொருவர் தலைமாட்டிலும் பேனாவால் டொக் டொக்கென்று தட்டினார்.

"ம், எழுந்திருங்கடா! மேடம் வந்திருக்காங்க."

நோயாளிகள் ஒரு காலை இழுத்துக்கொண்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு, கூண்டு மூலைக்கு ஓடினார்கள்.

வந்திருந்த மேடம், வெளி நிறுவனத்திலிருந்து விசாரணைக்கு அனுப்பப்பட்ட மூத்த விஞ்ஞானி. பேராசிரியரின் கண்டுபிடிப்பு உலகத்தையே உலுக்கிவிட்டது என்று பேராசிரியரே எல்லோரிடமும் சொல்லிவந்தார். அதே சோதனையை மறுபடி செய்தபோதோ ஒரு துரும்பும் அசையவில்லை.

தப்பு யாருடையது என்று மேடம் இன்றைக்குச் சொல்லியாக வேண்டும். எலிகளுக்கு அறுவை செய்யும் அம்மாவுடையது என்று பேராசிரியர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். மேடம் தலையை ஆட்டினால் போதும், அந்த அம்மாவுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை.

அந்த அம்மா ஓரமாக நின்று, வந்த கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"பார்த்தீங்களா மேடம், நின்னுக்கிட்டே தூங்குறாங்க! இவங்க கையில கத்தியைக் குடுத்தா உருப்படுமா? நானெல்லாம் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, எழுதின கட்டுரையைச் சத்தமா வாசிக்கிறவன். சத்தமா வாசிச்சாத்தான் அதோட கம்பீரம் தெரியும்."

மேடத்துக்குக் கம்பீரத்தில் அவ்வளவு நாட்டமில்லை. "உங்க கண்டுபிடிப்பை ரெண்டே வரியில சொல்லுங்க சார்."

இரண்டு வரி என்பது பேராசிரியருக்குப் பழக்கமில்லாத அளவு. பேசினார், பேசினார், கூண்டுகளும் களைத்துப்போகும் வரை பேசினார். சாரம் இவ்வளவுதான்: பக்கவாதம் வந்ததும் மூளையில் ஒரு ஜீன் முறுக்கேறி, 'தூங்கு, தூங்கு' என்று உடம்புக்கு உத்தரவு போடுகிறது. அந்தத் தூக்கத்தில்தான் மூளையின் காயம் ஆறுகிறது. ஜீனுக்குத் தன் பெயரையே வைத்திருந்தார். வேறு எந்தப் பெயரும் அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

பேச்சின் நடுவே சட்டைப் பையைத் தடவினார். அறுவை அம்மா தன் கைப்பையிலிருந்து அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து, "இந்தாங்க சார்" என்று நீட்டினார். நன்றி சொல்லும் வழக்கம் பேராசிரியருக்கு இல்லை.

"பக்கவாதம் வராத எலிங்க எங்கே?" என்றார் மேடம்.

"அது உள்ளறையில, கதவை மூடிக்கிட்டுக் கிடக்கு. நோயில்லாத எலிகிட்ட எனக்கென்ன பேச்சு? தினமும் நான் வந்து தட்டிப் பார்க்கிறது இதுங்களைத்தான். பெரிய மனுஷங்க வந்தாலும் இங்கதான் கூட்டிட்டு வந்து விளக்குவேன்."

"நோயில்லாத ஒரு எலிக்கும் உங்க ஜீன் முறுக்கேறிச்சாமே?"

பேராசிரியர் முகம் மலர்ந்தது. "உள்ள இடமில்லைன்னு ஒண்ணை இந்த அறையில வச்சிருந்தாங்க. அதுக்கும் ஏறிடுச்சு. அதுதான் மேடம் என் ரெண்டாவது கண்டுபிடிப்பு! வரப்போற பக்கவாதத்தை ஜீன் முன்கூட்டியே மோப்பம் பிடிச்சிருக்கு."

"பக்கவாதம் வந்துச்சா?"

"வந்திருக்கும். அதுக்குள்ள சோதனைக்குன்னு மூளையை எடுத்துட்டாங்க."

யாருடைய மூளையை என்று கேட்க நினைத்து, மரியாதைக்காக அடக்கிக்கொண்டவரைப் போல மேடம் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு அறுவை அம்மாவிடம் திரும்பினார். "மறுபடி செஞ்சப்போ மட்டும் ஏன் ஏறல? நீங்க சொல்லுங்கம்மா."

"அதே கத்தி, அதே தையல், அதே தீனி மேடம். பக்கவாதமும் சரியாத்தான் வந்துச்சு. ஜீன் மட்டும் ஏறல."

"அவங்களை ஏன் கேக்கறீங்க? நான் சொல்றேன்," என்று பேராசிரியர் குறுக்கே பாய்ந்தார். "அப்ப நான் விருது வாங்க வெளிநாடு போயிருந்தேன். மூணு வாரம். நான் இல்லைன்னா இங்க எல்லாம் தூங்கிடும்!"

மேடத்தின் பேனா நின்றது. "எல்லாம்னா... எலியுமா?"

"ஆமா மேடம்," என்றார் அறுவை அம்மா மெதுவாக. "பகல்ல தூங்குறதுதான் எலியோட சுபாவம். இந்த அறையில அதுங்க நல்லாத் தூங்கினது அந்த மூணு வாரம்தான்."

"தூக்கம் கெட்ட மூளைதானே 'தூங்கு, தூங்கு'ன்னு கெஞ்சும்?" மேடம் கூண்டில் மிரண்டு நின்ற எலியைப் பார்த்தார். "அப்போ சார், உங்க ஜீனை ஏத்தினது பக்கவாதம் இல்லை. நீங்க."

"என்ன உளறல் இது!" பேராசிரியர் போட்ட கூச்சலில் உள்ளறை எலிகளும் முதல்முறையாக விழித்திருக்கும். "நான் இருந்தா தூக்கம் வராதா? நான் ஊர்ல இல்லைன்னா வந்துடுமா? ஆதாரம் இருக்கா? ஒரே ஒரு ஆதாரம் காட்டுங்க பார்ப்போம்!"

அறுவை அம்மா கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். இந்த ஆய்வகத்துக்குள் இதுவரை 'சார்' என்று மட்டுமே அழைத்துவந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, நமக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துல, நான் நல்லாத் தூங்கினதும் அந்த மூணு வாரம்தான்."