வெட்டிய காசு

போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்ற மாணவர்களுக்கும் இனிமேல் உதவித்தொகை உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். மூன்று வருடமாக மஸ்கெலியாவில் மூட்டை தூக்கும் ஜீவராஜ் மறுபடியும் கெம்பஸ் போய்ப் பட்டப்படிப்பைத் தொடரலாம். விண்ணப்பத்தோடு இணைக்கத் தன் வழக்கு ஏட்டின் பிரதியை வாங்கி வந்திருந்தான்.

"பொய்ச்சாட்சி சொன்னது யாருன்னு பாருப்பா," என்றாள் அவன் அம்மா நாகலெட்சுமி. பொய்ச்சாட்சிக்குக் கையெழுத்துப் போட்ட கை விளங்காமல் போகட்டும் என்று சாபமிட்டு காளியம்மன் முன்னால் காசு வெட்டிப் போட்டவள் அவள். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போதும் அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

சிங்களத்தில் இருந்ததை வாசித்த மகன் தலை நிமிரவில்லை.

"'என் மகன் தூள் பாவிக்கிறவன்தான்'னு எழுதியிருக்கு. கீழ உங்க கையெழுத்தும்மா."

"ஒன்ன வெளிய விடுறதுக்குன்னு சொல்லித்தானேப்பா பொலிசுல வாங்குனாங்க."