வெற்று டேப்

"யோவ் டார்கோ, வெற்று டேப்பப் போடச் சொன்னா படகு டேப்பையே போட்டிருக்கியே!"

"புதுசும்மா, இப்பதான் உறையப் பிரிச்சேன். ஏன் எரிஞ்சு விழற? கடல் மட்டத்துலருந்து பதினெட்டு மீட்டர் உசரத்துல கடைய வச்சிட்டு, மேடேறி சைக்கிள் மிதிச்சு வர்றவன்கிட்ட!"

பழுதான டேப்புகளிலிருந்து பதிவை மீட்டுக் கொடுக்கும் நோலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்ட் லிங்கன் துறைமுகத்துக்கு அப்பால் மூழ்கிய ஆய்வுப் படகு, போகிற இடமெல்லாம் கடலின் ஆழத்தை டேப்பில் பதிந்திருந்தது. நாற்பத்து நான்கு மீட்டரோடு பதிவு நின்றுவிட்டது. மேற்கொண்டு ஏதாவது கிடைத்ததா என்று படகோடு மூழ்கிப்போன மாலுமியின் மகள் போனில் உயிரை எடுத்தாள். உப்பில் ஊறிய டேப்பில் சிக்னல் ஈனஸ்வரத்தில் முனகியது. இயந்திரத்தின் சொந்த இரைச்சலைக் கழிக்கத்தான் வெற்று டேப்பை ஓட்டினார்கள்.

அதில் முப்பது, இருபது, பத்து என்று ஆழம் குறைந்துகொண்டே வந்தது.

நோலீன் தன் கையாலேயே இன்னொரு உறையைக் கிழித்து, புது டேப்பை மாட்டினாள். ஐந்து. பூஜ்யம். மைனஸ் நான்கு.

"மைனஸ்னா கடல் மட்டத்துக்கு மேல, தரையாச்சேம்மா?"

"மிஷின் கெட்டுப்போச்சு. வாய மூடு."

மைனஸ் பன்னிரண்டு. மைனஸ் பதினெட்டு. அதற்குமேல் எண் மாறவேயில்லை.

போன் அடித்தது. நோலீன் வெடுக்கென்று எடுத்தாள். "இன்னும் முடியல, தாயே!"

"பரவால்லங்க," என்றாள் மகள், என்றுமில்லாத நிதானத்தோடு. "அப்பாகிட்ட கொஞ்சம் குடுங்க."