பத்தாம் நாள் காரம்

"இன்னிக்கும் அங்கதான் போறான் பாரு!"

கரண்டியைப் பிடித்தபடியே பொருமினார் பெங். செங்டு நகரத்தின் அந்தக் குறுகலான சந்தில் எதிரும் புதிருமாக இரண்டு சாப்பாட்டுக் கடைகள். ஒன்று பெங்குடையது, மற்றது லுவோ அக்காவுடையது. ஒன்பது நாளாக அந்த டென்மார்க்காரன் ஹென்ரிக், முதுகுப் பையும் தானுமாக, லுவோ அக்கா கடைக்குள்தான் நுழைகிறான்.

"உங்களுக்கு ஏங்க இத்தனை வயித்தெரிச்சல்?" பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள் மனைவி ஷியூலான்.

"வயித்தெரிச்சலா? எனக்கா? அசல் சீனச் சாப்பாடு வேணும்னு அவ்வளவு தூரத்திலேருந்து வந்தவன், அந்த அக்கா போடற சப்புச் சாப்பாட்டைத் தின்னுட்டுப் போறானேன்னு ஒரு பரிதாபம், அவ்வளவுதான்!"

பொய். உள்ளே திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. அவன் ஒவ்வொரு வாய்க்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவது இங்கிருந்தே தெரிந்தது. வெள்ளைக்காரனே ரசித்துச் சாப்பிடுகிறான் என்று உள்ளூர்க்காரர்களும் அங்கே போய் நிற்கிறார்கள். பெங் கடையில் ஈயாடுகிறது.

"நீங்களும் கொஞ்சம் காரத்தைக் குறைச்சாத்தான் என்னவாம்?"

"குறைக்கிறதா? எங்கப்பா கைப்பக்குவம்டி இது! காரம் ஆகாதுன்னா வெந்நீரைக் குடிச்சிட்டுப் போகட்டும்!"

பத்தாம் நாள் மத்தியானம், ஹென்ரிக் சந்தின் குறுக்கே நடந்து நேராக பெங் கடைக்குள் வந்து உட்கார்ந்தான்.

"ஐயா, மாப்போ தோஃபு கிடைக்குமா?" திக்கித் திக்கிச் சீனத்தில் கேட்டான்.

வாடா மகனே என்று அடுப்பைத் தூண்டினார் பெங். சோயாப் பனீர் வேகும் அந்தக் காரக் குழம்பில், வழக்கமாகப் போடும் மிளகாய்க்கு மேல் இன்னொரு கைப்பிடி. நாக்கை மரத்துப்போக வைக்கும் மிளகும் தாராளம். அசல் எது, போலி எது என்று இன்றைக்குத் தெரிந்துபோகட்டும்!

முதல் வாயிலேயே அவன் முகம் சிவந்தது. மூக்கு ஒழுகியது, கண்ணீர் கொட்டியது. ஆனால் கையிலிருந்த குச்சிகள் மட்டும் நிற்கவே இல்லை. கிண்ணத்தை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்!

பெங்குக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்க்கடைக்குக் கேட்கட்டும் என்று வாசலில் நின்றே கத்தினார்.

"பாத்தியா தம்பி! இதுதான் அசல்! ஒன்பது நாளா உன்னை அங்க நல்லா ஏமாத்தியிருக்காங்க!"

"ஐயோ, இல்லைங்க." ஹென்ரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "முதல் நாள் அவங்ககிட்ட உங்க கடைக்குத்தான் வழி கேட்டேன். 'இப்பவே போகாதே, அவர் காரத்தைக் குறைக்கவே மாட்டார், நீ ஒரு வாயோட ஓடிடுவே. அவர் கைத் தோஃபுவைச் சாப்பிடாம நீ ஊர் திரும்பக் கூடாது. ஒன்பது நாள் இங்க நாக்கைப் பழக்கிக்கோ'ன்னாங்க. தினம் ரெண்டு மிளகாய் கூட்டிக் கூட்டிப் போட்டாங்க. இன்னிக்குக் காலையிலதான், 'இனிமே தைரியமாப் போ'ன்னு அனுப்பி வச்சாங்க."

ஷியூலான் பெங்கை ஒரு பார்வை பார்த்தாள்.

எதிர்வாசலிலிருந்து, ஈரக் கையைத் துடைத்தபடி லுவோ அக்கா குரல் கொடுத்தாள்.

"பெங் தம்பி! பையன் மிச்சம் வைக்காம சாப்பிட்டானா? நாளைக்கு இன்னும் ரெண்டு பேரை அனுப்பறேன், அவங்களும் தேறிட்டாங்க!"