விதி தெரியாத இன்ஜினீயர்

“அந்த விதி உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்கோ.”

கேட்டவர் வக்கீல் ஹாலாஸ்யம். பேடன்ட் விவகாரம் என்றால் கம்பெனி மெட்ராஸிலிருந்து வரவழைக்கிற ஆள். எதிரே நின்றவர் இன்ஜினீயர் வெங்கட்ரமணன். மானேஜிங் டைரக்டர் சொக்கநாதன் இரண்டு பேரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

தெரியும் என்று சொன்னால் வேலை போகும். தெரியாது என்று சொன்னால் மானம் போகும்.

நடந்தது இதுதான்.

கிணற்று மோட்டாருக்கு மூன்று லைனில் கரண்ட் வர வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் எந்த நேரத்திலும் ஒரு லைன் போய்விடும். மோட்டார் மற்ற இரண்டை வைத்துக்கொண்டு முக்கி முக்கி ஓடி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிக் காயில் கருகி நிற்கும். ஒரு லைன் போனதுமே மோட்டாரை நிறுத்திவிடுகிற சின்ன எலக்ட்ரானிக் பெட்டி ஒன்றை வெங்கட்ரமணன் செய்திருந்தார்.

சுலபமான சர்க்யூட். பார்த்தால் யாரும் செய்துவிடலாம். கம்பெனிக்கு அதுதான் கவலை. பேடன்ட் வாங்கிவிட்டால் வேறு யாரும் கைவைக்க முடியாது. பெட்டியைத் தனியாக விற்பதில்லை, கம்பெனியின் புது மோட்டார் வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் என்றும் முடிவு செய்திருந்தார்கள்.

பெட்டியைச் சோதித்துப் பார்த்தது சோழவந்தானில், முத்திருளனின் வெற்றிலைக் கொடிக்காலில். கோடை முழுக்க அவருடைய பழைய மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. சோதனை முடிந்ததும், கம்பெனிச் சொத்து, கழற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். வெங்கட்ரமணனே போய்க் கழற்றி வந்தார்.

அந்த வாரமே மோட்டார் எரிந்தது.

கேள்விப்பட்டு அவர் போனபோது முத்திருளனும் மனைவி சீனியம்மாளும் வைகை மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகச் சுமந்து வந்து கொடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பாதிக் கொடி அதற்குள் வாடித் தொங்கிவிட்டது.

சீனியம்மாள் கோபப்படவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “அந்தப் பொட்டி இருந்த மட்டுக்கும் நல்லாத்தான் ஓடுச்சுங்கய்யா” என்றாள்.

கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்தில் ஒரு விவசாயிகள் கூட்டம் நடந்தது. கரண்ட் சிக்கனம் பற்றிப் பேச வெங்கட்ரமணனைக் கூப்பிட்டார்கள். அவர் சிக்கனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கரும்பலகையில் பெட்டியின் சர்க்யூட்டை முழுசாக வரைந்து காட்டினார். எந்தப் பாகம் டவுனில் எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் சொன்னார். கூட்டம் நடத்திய சங்கத்துக்காரர்கள் அதை அப்படியே தங்கள் ஆண்டு மலரில் அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்துவிட்டார்கள்.

கம்பெனியின் பேடன்ட் விண்ணப்பம் அதற்கு அப்புறம்தான் போய்ச் சேர்ந்தது.

விண்ணப்பிக்கும் முன்பே அச்சில் வந்து ஊருக்கே தெரிந்துவிட்ட ஒன்றுக்குப் பேடன்ட் கிடையாது. வக்கீல் கேட்ட விதி அதுதான். இப்போது மதுரை ஆரப்பாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைகளிலெல்லாம் அந்தப் பெட்டி விற்கிறது. இந்த மனுஷன் விவரம் இல்லாமல் உளறினாரா, வேண்டுமென்றே செய்தாரா என்று விசாரித்துச் சொல்லத்தான் ஹாலாஸ்யத்தை வரவழைத்திருந்தார்கள்.

வெங்கட்ரமணனின் மனைவி ஸ்யாமளாவும் அன்று காலையில் அதையேதான் கேட்டிருந்தாள். இவர்தான் அடுத்த சீஃப் இன்ஜினீயர் என்று, குடியிருக்கிற கோச்சடையில் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள் அவள். இவ்வளவு படித்தவருக்கு இதுகூடவா தெரியாது என்று பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்களாம். வெங்கட்ரமணன் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். ஆபீஸுக்குக் கிளம்பினார்.

இங்கே பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

“தெரியாது சார்” என்றார்.

“பேடன்ட் வேலையை நீங்கதானே பாக்கறேள்?”

“படம் போட்டுக் குடுக்கறதோட என் வேலை முடிஞ்சுடும் சார். சட்டமெல்லாம் நான் படிச்சதில்லை.”

ஹாலாஸ்யம் கண்ணாடிக்கு மேலாக அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். இன்ஜினீயருக்குச் சட்ட அறிவு கொஞ்சமும் இல்லை. கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அறியாமல் நடந்த பிழை.

சொக்கநாதன் இப்போதுதான் திரும்பினார். “இம்புட்டு வெள்ளந்தியா ஒரு ஆளை வச்சுக்கிட்டு நான் கம்பெனி நடத்திருக்கேன்” என்றார். சீஃப் இன்ஜினீயர் வேலைக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பது, இவரை ஸ்டோர்ஸில் போடுவது என்று அங்கேயே முடிவாயிற்று. மேற்கொண்டு நடவடிக்கை இல்லை.

சாயங்காலம் வக்கீலை ரயிலேற்றிவிடுகிற வேலையும் வெங்கட்ரமணன் தலையில் விழுந்தது. வக்கீலின் சூட்கேஸை ரயிலுக்குள் வைத்துவிட்டு அவர் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றபோது ஹாலாஸ்யம் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

“ஓய், போன வருஷம் அந்தக் கோயமுத்தூர் கேஸுக்கு நீர் எனக்குத் தனியா ஒத்தாசை பண்ணினீரே. முன்னாடியே அச்சுல வந்துடுத்துன்னு காட்டித்தானே எதிராளியோட பேடன்ட்டை உடைச்சோம்?”

வெங்கட்ரமணன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“ஆமா சார்.”

“அந்த விதியை அப்போ எனக்கு எடுத்துக் குடுத்தது யாருன்னு கார்த்தாலேர்ந்து யோசிக்கறேன்” என்றார் ஹாலாஸ்யம். “ஞாபகமே வரமாட்டேங்கறது.”