நொட்டாங்கை

நாய் அவள் புருஷனின் காலின் மேல் உட்கார்ந்துவிட்டது.

உட்கார் என்று அவன் சொல்லவில்லை. நட என்றுதான் சொன்னான். வலது கையை ஆட்டி ஆட்டி, தொண்டை கிழியச் சொன்னான். ஜமீன் என்ற அந்த நாய் ஒரு கொட்டாவி விட்டது. மெதுவாகத் திரும்பியது. தன் பின்பக்கத்தை அவன் புது ஷூவின் மேல் பொத்தென்று வைத்தது.

கன்றுக்குட்டி உயரம். அதற்கேற்ற கனம். காலை இழுத்துப் பார்த்தான், வரவில்லை.

மைதானத்தில் நாய்களோடு நின்றவர்கள் சிரித்தார்கள். காலை நடைக்கு வந்த பெண்களும் நின்று சிரித்தார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது.

ஞாயிறு தவறாமல் இதை நாய்ப் பயிற்சி வகுப்புக்குக் கூட்டி வந்தது அவள். காக்காயைக் கண்டால் அவள் துப்பட்டாவுக்குள் தலையை நுழைக்கும், தட்டில் வைத்த தண்ணீரைத் தொடாமல் குழாயடியில் போய் வாயைப் பிளந்து நிற்கும். அப்பேர்ப்பட்ட ஜீவனை உட்கார வைத்து, படுக்க வைத்து, நிற்க வைத்தது அவள். அப்போதெல்லாம் இந்தத் துரை போர்வைக்குள் இருந்தார்.

இன்று கடைசி வகுப்பு. நாய் என்ன படித்தது என்று எல்லோர் முன்னாலும் காட்டும் நாள். புருஷனின் கூட்டாளி நாச்சிமுத்து பார்க்க வந்திருக்கிறான். அதனால் சங்கிலி புருஷன் கைக்குப் போய்விட்டது.

"இன்னைக்குச் சொன்ன பேச்சுக் கேக்கலீன்னா, நாச்சிமுத்து, உன்ற கோழிப்பண்ணைக்கே ஓட்டிட்டுப் போயிரு" என்று நுழையும்போதே சொல்லியிருந்தான்.

அந்தப் பண்ணை நாய்களை அவள் பார்த்திருக்கிறாள். வெயிலில், முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி, கழுத்தெல்லாம் புண்.

அவன் சங்கிலியின் நுனியை மடித்து ஓங்கினான்.

அவள் கை தானாக எழுந்தது. தோளுக்கு மேலே, உள்ளங்கை விரிந்து.

அசையாதே என்ற சைகை.

ஜமீன் உட்கார்ந்தபடியே உறைந்துபோனது. காதுகூட ஆடவில்லை. பயிற்சியாளர் சபாஷ் என்று கை தட்டினார்.

புருஷன் அவள் கையைப் பார்த்தான்.

இடது கை.

"அட கருமமே! நாய்க்கும் நொட்டாங்கையிலதான் பழக்கி வெச்சிருக்கியா?"

நாச்சிமுத்து பல்லைக் காட்டினான்.

ஆமாம், நொட்டாங்கை. அதற்கு என்ன இப்போது? பள்ளிக்கூடத்தில் அந்தக் கையில்தான் பிரம்படி வாங்கினாள். வீட்டில் அம்மா அதைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டாள். கல்யாணமாகி வந்த முதல் பந்தியில், அவசரத்தில், அந்தக் கையால் மாமனார் இலையில் அப்பளத்தை வைத்துவிட்டாள். மனிதர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். இத்தனை வருஷமாகியும் அந்தப் பேச்சு ஓயவில்லை. கரண்டி பிடிக்க, காசு கொடுக்க, குங்குமம் எடுக்க, எல்லாவற்றுக்கும் வராத கையை வரவழைத்துக்கொண்டாள்.

எந்தக் கை உங்களுக்குச் சட்டென்று வருகிறதோ அதிலேயே காட்டுங்கள் என்று முதல் வகுப்பில் பயிற்சியாளர் சொன்னார். அவளிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஜமீனும் எந்தக் கை என்று பார்க்கவில்லை. பிஸ்கட்டைத் தின்றது, கையை நக்கியது, சொன்னபடி கேட்டது.

"நொட்டாங்கைக்குப் பழகுன நாய் நம்மூட்டுக்கு ஆகாது. நாச்சிமுத்து, ஓட்டிக்க."

நியாயத்தைப் பாருங்கள். பேச்சுக் கேட்காவிட்டாலும் பண்ணைக்கு, கேட்டாலும் பண்ணைக்கு!

நாச்சிமுத்து சங்கிலியை வாங்கி இழுத்தான். ஜமீன் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதன் கண் அவள் உள்ளங்கையில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். கழுத்துத் தோல் மடிந்ததே தவிர நாய் நகரவில்லை. அதன் அடியில் புருஷனின் கால் இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது.

"கையை எறக்கு" என்றான் புருஷன்.

இறக்கினால் ஜமீன் எழுந்துவிடும். அப்படித்தான் பழக்கியிருந்தாள். எழுந்தால் நாச்சிமுத்துவின் வண்டி.

அவள் இறக்கவில்லை.

"எறக்குன்னு சொல்றனில்ல?"

கை கடுத்தது. இத்தனை பேர் நடுவில் அந்தக் கையை அவள் இவ்வளவு நேரம் தூக்கி வைத்ததே இல்லை. பிரம்படிக்கும் நாடாக்கட்டுக்கும் மடித்த இலைக்கும் சேர்த்து இப்போதுதான் ஆத்திரம் வந்தது. வந்தது வரட்டும் என்று நின்றாள்.

நடைக்கு வந்த பெண்கள் இப்போது சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் சுற்றிலும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தான்.

"செரி, கையை எறக்கு. ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

வீட்டில் அவன் பேசுவான். அவள் கேட்பாள்.

"இங்கயே பேசுங்க."

உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.